தானாக ஓடும் துப்புரவு

முத்துமாரிக்கு என்ன வேலை என்று அவளுடைய ஆபீசில் யாரைக் கேட்டாலும், "சர்வர் பாத்துக்கறாங்க" என்பார்கள். பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி கேட்டால் டீ குடிக்க இறங்கிப் போய்விடுவார்கள். அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டில், விடியற்காலை எழுந்து மோட்டார் போட்டது யார் என்று எவரும் விசாரிப்பதில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். கீழே முதுகுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கிளினிக். மேலே பதினான்கு பேர் உட்கார்ந்து ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் எழுதினார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் ஒரு தாள் தருகிறார்களே, சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று கட்டம் கட்டி, அந்தத் தாளை அச்சடிப்பது இவர்கள் எழுதியதுதான். முதலாளி வெங்கடரமணனுக்கு அறுபத்திரண்டு வயது. மயிலாப்பூரிலிருந்து நடந்தே வருவார், நடந்தே போவார். ஊழியர்களுக்கு நல்லவர். நல்லவர் என்றால், சத்தம் போடமாட்டார். தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி கொடுப்பார். யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது தெரியாது.

முத்துமாரி பட்டினப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். முப்பத்தெட்டு வயது. அம்மா கங்கம்மா கடற்கரைச் சாலையோரம் மீன் விற்பவள். கணவன் அறிவு படகு என்ஜின் ரிப்பேர் செய்பவன். முத்துமாரி அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, அச்சடித்து வரும் தாள்களில் பிழை பார்க்கும் வேலைக்கு இங்கே சேர்ந்தாள். சேர்ந்த மறுவருஷம் சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வேறு கம்பெனிக்குப் போனார். அவருடைய நாற்காலி ஏசிக்கு நேர் எதிரே இருந்ததால் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. முத்துமாரி ஒரு சால்வையை எடுத்துவந்து அதில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாயிற்று.

அந்த நாற்காலியில் என்ன வேலை என்று நானாவது சொல்லிவிடுகிறேன். பதினான்கு பேர் எழுதும் நிரலும் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மிதிக்கக் கூடாது. நேற்று இருந்தது நாளைக்கு வேண்டும் என்றால் கிடைக்க வேண்டும். இதற்கென்று கிட் என்றொரு மென்பொருள் இருக்கிறது. அது சர்வரில் உட்கார்ந்து, யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும். புதிதாக ஒன்றை எழுதிப் பார்க்கிறவர் தனக்கென்று ஒரு கிளை போட்டு அதில் எழுதிக்கொள்வார். பிடிக்கவில்லை என்றால் கிளையை அழித்துவிடுவார். ஆனால் அழித்த மாத்திரத்தில் எதுவும் அழிந்துவிடாது. கிளையின் பெயர்தான் போகும். எழுதியதெல்லாம் கேட்பாரில்லாமல் உள்ளேயே கிடக்கும். இப்படிக் கிடப்பவை சேரச் சேர சர்வர் ஊதிப்போய் மந்தமாகும். அதனால் அவ்வப்போது துப்புரவு நடக்க வேண்டும். சிதறிக் கிடப்பதை அடுக்கிக் கட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடப்பதை ஒரேயடியாகத் தூக்கியெறிய வேண்டும். கிட் இதைத் தானாகவே செய்துகொள்ளும். யாரும் சொல்ல வேண்டாம். பின்னணியில், சத்தமில்லாமல்.

அதை நிறுத்திவைத்தவள் முத்துமாரி. அவள் அந்த நாற்காலிக்கு வந்த புதிதில் குலாம் முகம்மது என்பவர் ஒரு மாதம் எழுதியதைத் தவறுதலாக அழித்துவிட்டு, பதினாறு நாள் கழித்து வந்து கேட்டார். பதினைந்தாம் நாளே துப்புரவு முடிந்திருந்தது. குலாம் முகம்மது கத்தவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுப் போய், டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். முத்துமாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அந்தத் தானியங்கி வேலையை அணைத்துவிட்டுத் தன் கையாலேயே செய்ய ஆரம்பித்தாள்.

தினமும் காலை ஒன்பதே கால். திங்கள் முதல் வெள்ளி வரை எந்தக் கிழமையிலும் ராகு காலம் வராத நேரம் அது. முதலாளியே காலண்டரைப் பார்த்து எடுத்துக் கொடுத்தது. சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகு காலம் என்பதால் அன்று துப்புரவு கிடையாது. முதலாளியின் கணக்கில் அவள் ஒரு பட்டனை அழுத்துகிறாள், மெஷின் பெருக்குகிறது, அவ்வளவுதான். அழுத்துவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் அவள் என்ன செய்தாள் என்பது அவருக்குத் தெரியாது. கேட்பாரில்லாமல் கிடந்த ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். பெரும்பாலும் குப்பைதான். பெரிய பெரிய படங்கள், மாதிரித் தாள்கள், 'டெஸ்ட் டெஸ்ட் டெஸ்ட்' என்று அடித்துப் பார்த்தவை. சிலதைப் பார்த்தால் யாரோ ராத்திரி பகலாக உழைத்தது என்று தெரியும். அவற்றுக்கு ஒரு பெயர் கொடுத்து, 'பத்திரம்' என்ற மூலையில் எடுத்துவைப்பாள். பெயர் இருந்தால் துப்புரவு தொடாது. பாரத்-கோபம்-1, பாரத்-கோபம்-2 என்று அந்தப் பெயர்கள் வளர்ந்துகொண்டே போயின.

பாரத் தியாகராய நகர்ப் பையன். இருபத்தொன்பது வயது, கெட்டிக்காரன். தன் நிரலின் மேலேயே அவனுக்குக் கோபம் வரும். வந்தால் கிளையை ஒரே தட்டில் அழித்துவிட்டு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போவான். நான்கு நாள் கழித்து அவளுடைய மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்பான்.

"அக்கா, அந்தப் பழைய பிராஞ்ச் ஒண்ணு..."

"வெச்சிருக்கேன். ரெண்டு நிமிஷம் இரு."

"கிட் சூப்பர்க்கா. எதுவுமே தொலையாது."

இதை அவன் ஒவ்வொரு தடவையும் சொன்னான். ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். அந்த நம்பிக்கையில் அங்கே ஒரு பழக்கமும் வேரூன்றியிருந்தது. தன் கம்ப்யூட்டரில் ஏதாவது சிக்கிக்கொண்டால் எவரும் உட்கார்ந்து சிக்கெடுப்பதில்லை. இருக்கும் நகலை மொத்தமாக அழித்துவிட்டு சர்வரிலிருந்து புதிதாக ஒன்று எடுத்துக்கொள்வார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். வேறெந்தக் கம்பெனியிலும் இதைச் செய்தால் உதைப்பார்கள். இங்கே அக்கா இருந்தாள். ஆனால் அக்கா இருப்பதால்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன ஆனியில் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று டாக்டர் சொன்னார். எடுத்துவிட வேண்டும், ஆறு வாரம் ஓய்வு. முத்துமாரி பேரம் பேசி நான்கு வாரமாக்கினாள். முதலாளி அறைக்குப் போனாள்.

"ஒரு ஆபரேஷன் சார். நாலு வாரம் லீவு வேணும்."

"ஓ. நாலு வாரமா?" என்றார் வெங்கடரமணன். "சர்வரை யார் பாத்துப்பா?"

"ஆட்டோமேட்டிக்கா ஓடற மாதிரி போட்டுட்டுப் போறேன் சார். அதுவே பாத்துக்கும்."

"அப்படி ஒண்ணு இருக்கா என்ன? பேஷ். எத்தனை மணிக்கு ஓடும்?"

"மணிக்கு ஒரு தபா கொஞ்சம் கொஞ்சமா அடுக்கும் சார். தினம் ஒரு தபா குப்பைய எடுக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மணிக்கொரு தரம்னா ராகு காலத்துலயும் ஓடுமேம்மா."

"பேக்ரவுண்டுலதான் சார் ஓடும்."

"அப்படின்னா?"

"யார் கண்ணுக்கும் தெரியாது சார்."

வெங்கடரமணன் யோசித்துப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியாதுன்னா தோஷமில்லை" என்று லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

அவள் நாற்காலிக்குத் திரும்பி வந்து அந்த வேலையை ஏற்பாடு செய்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. பதினோரு வருஷம் தினமும் முக்கால் மணி நேரம் செய்ததை மெஷினிடம் ஒப்படைக்கப் பத்து நிமிஷம் போதும் என்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது. கடைசியாக ஒரு வரி மிச்சமிருந்தது. கேட்பாரற்றதை எத்தனை நாள் வைத்திருப்பது? அதுவாகவே இரண்டு வாரம் என்று இருந்தது. அதை மாற்றி 'எறியவே வேண்டாம்' என்று எழுதினால் சர்வர் கொஞ்சம் ஊதும். நான்கு வாரத்தில் ஒன்றும் குடிமுழுகிவிடாது. இது முத்துமாரிக்கு நன்றாகத் தெரியும். கர்சரும் அந்த வரியில்தான் மின்னிக்கொண்டிருந்தது.

பாரத்துக்கு எப்படியும் கோபம் வரும், எதையாவது அழிப்பான், தேடுவான், கிடைக்காது என்று அவள் நினைத்தாள். அப்போது ஆஸ்பத்திரிக்கு போன் வரும். 'அக்கா, எதுவுமே கிடைக்க மாட்டேங்குது' என்பார்கள். அந்த ஒரு போன் வந்தால் போதும் என்று இருந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, அவள் அப்படித்தான் நினைத்தாள். வரியை மாற்றாமல் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் முதலில் தண்ணீர் கேட்டாள், அடுத்ததாக போனைக் கேட்டாள். அறிவு அதைத் தலையணைக்கு அடியில் வைத்தான். முதல் வாரம் அது ஒரே ஒரு தடவைதான் அடித்தது. செய்யூர் பக்கம் மனை இருக்கிறது, சுற்றிலும் வேலி போட்டுக் கொடுக்கிறோம் என்று ஒருவன் பேசினான். வயிற்றில் தையலோடு படுத்திருந்த முத்துமாரி, போனை வைக்க மனமில்லாமல் அவன் சொன்னதை முழுதும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். இரண்டாம் வாரம் போயிற்று, மூன்றாம் வாரம் போயிற்று. கங்கம்மா காலையில் மீன் கூடையை இறக்கிவிட்டு வந்து மகளுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

"இன்னா சும்மா சும்மா போனையே பாத்துக்கினு கீற? யாரு கூப்புடப் போறா?"

"ஆபீஸ்ல எதுனா கேப்பாங்கம்மா."

"அதான் மெசினு பாத்துக்குதுன்னியே."

"ஆமா."

"மெசினே பாத்துக்கும்னா அப்பால உன்ன இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீறாங்க?"

முத்துமாரி கஞ்சியைக் குடித்தாள். அம்மா வாயிலிருந்து வந்தது அவளுக்குள்ளேயே நான்கு நாளாக ஓடிக்கொண்டிருந்த கேள்விதான். போனில் மனை விற்கிறவன் மறுபடியும் கூப்பிட்டான். இந்தத் தடவை அவள் எடுக்கவில்லை.

லீவு முடிந்து ஒரு திங்கட்கிழமை அவள் ஆபீசுக்குப் போனாள். மாடிப்படியில் பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. உள்ளே போனதும் இரண்டு பேர், "ஊருக்குப் போய்ட்டு வந்தீங்களாக்கா?" என்று கேட்டார்கள். நாற்காலியில் யாரோ ஹெல்மெட் வைத்திருந்தார்கள். சர்வர் சுத்தமாக இருந்தது. அவள் கையால் செய்த நாட்களில் ஒருபோதும் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை. எறிந்தவற்றின் குறிப்பைப் பார்த்தாள்: மணிக்கு மணி, நாள் தவறாமல், ராகு காலத்திலும் எமகண்டத்திலும் மெஷின் தன் வேலையைச் செய்திருந்தது. பாரத்துக்கு இந்த நான்கு வாரத்தில் கோபமே வரவில்லை. அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள்.

பதினொரு மணிக்கு ஜானு வந்து நின்றாள்.

ஜானு பயிற்சிக்கு வந்தவள். திருவான்மியூரில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். சத்தம் காட்டாமல் வேலை செய்வாள். பதினோரு வருஷ நாற்காலியின் பக்கத்தில் அவள் அதுவரை ஏதாவது கேட்டு வந்து நின்றதேயில்லை. ஆறு மாதப் பயிற்சி அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்கு முதலாளி முன்னால் தான் செய்த வேலையைப் போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுக் கும்பகோணத்துக்கு ரயிலேற வேண்டும். ஏழு வாரமாக அவள் எழுதியது, ரத்தப் பரிசோதனைத் தாளைத் தமிழில் அச்சடிக்கும் பகுதி. வெறும் எண்ணைப் போடாமல், 'உங்கள் சர்க்கரை கூடியிருக்கிறது, டாக்டரைப் பாருங்கள்' என்று படிக்கிறவருக்குப் புரிகிற மாதிரி எழுதித் தரும். இடையில் அவசர வேலை ஒன்று வந்ததால், எழுதியதை சர்வரில் சேர்த்துவிட்டு ஆறு வாரம் அதன் பக்கம் போகவில்லை.

"அக்கா, என் பிராஞ்சைக் காணும்."

"பேர் இன்னா?"

சொன்னாள். முத்துமாரி குறிப்பைப் பார்த்தாள். அவள் லீவில் போன மூன்றாம் நாள், கிளைகளின் பட்டியல் ரொம்ப நீளமாக இருக்கிறது என்று பாரத் அசையாமல் கிடந்த பதினேழு கிளைகளை அழித்திருந்தான். கோபத்தில் இல்லை, நல்லெண்ணத்தில். 'எதுவுமே தொலையாதே' என்ற தைரியத்தில். பதினேழில் ஒன்று ஜானுவுடையது.

"உன் கம்ப்யூட்டர்ல இருக்கும் இல்ல?"

"போன வாரம் சிக்கல் ஆச்சுக்கா. மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா எடுத்துண்டேன். அப்படித்தானே பண்ணணும்?"

முத்துமாரி உள்ளே தேடினாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுப்பார்கள்; பழைய நகலின் மேலேயே புதியது. அதிலும் தேடினாள். மத்தியானம் சாப்பிடாமல் தேடினாள். ஏழு வாரம் எழுதியதில் ஒரு வரி கிடைக்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்திருந்து, மெஷின் ஒரு புதன்கிழமை அதை எறிந்திருந்தது. பகல் பன்னிரண்டே கால் மணிக்கு.

ஜானு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குலாம் முகம்மதுவுக்குப் பிறகு அந்த நாற்காலியிலிருந்து யாருக்கும் 'இல்லை' என்ற பதில் வந்ததில்லை.

"இல்லம்மா" என்றாள் முத்துமாரி.

"மெஷினா அழிச்சது?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகாது. ஆனால் முத்துமாரிக்குக் குலாம் முகம்மது எலுமிச்சை சாதம் சாப்பிட்டது ஞாபகம் வந்துவிட்டது. அவள் ஜானுவை மாடி வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னாள். பத்திரம் என்ற மூலையைப் பற்றிச் சொன்னாள். வரியை ஏன் மாற்றவில்லை என்பதையும் சொன்னாள்.

ஜானு அழுவாள் என்று எதிர்பார்த்தாள். ஜானு அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"நீங்க இல்லேன்னா என்னாகும்னு அவாளுக்குத் தெரியணும். அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

"உன்ன நெனைக்கல ஜானு."

"அதாங்க்கா சொல்றேன். நீங்களும் நெனைக்கலை."

கீழே கிளினிக்கில் யாரையோ ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக் காலைத் தூக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வரை எண்ணினார்கள். ஜானு உள்ளே போய்விட்டாள்.

முத்துமாரி நேராக முதலாளி அறைக்குப் போனாள். வெங்கடரமணன் விஷயத்தைப் பாதி கேட்டதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாவம் அந்தப் பொண்ணு. ஆனா அவ ஜாக்கிரதையா இருந்திருக்கணும். மூணு மாசம் எக்ஸ்டென்ஷன் போட்டுடலாம், ஸ்டைபண்ட் கொஞ்சம் கம்மியா வரும். மெஷின் பண்ணினதுக்கு நீ என்னம்மா பண்ணுவே?"

"மெஷின் இல்ல சார். நான்தான்."

"நீ லீவுலன்னா இருந்தே."

"லீவுல போகச்சொல்ல அந்த வரிய மாத்தாம போனேன் சார். வேணும்னே."

"ரெண்டு வாரம்னு அதுவா இருந்ததுதானே? நீ எதையுமே மாத்தலையே? எதையும் மாத்தாம இருந்தா அது எப்படித் தப்பாகும்?"

அவர் அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினார். முத்துமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் மேல் குற்றம் விழ வேண்டுமென்றால், முதலில் தனக்கு ஒரு வேலை இருந்தது என்று இந்த மனிதர் நம்ப வேண்டும். அவர் நம்பவில்லை. அவரைப் பொறுத்தவரை அவள் பட்டனை அழுத்துகிறவள். பட்டன் தானாக அழுந்திக்கொண்டது, அதனால் யாரும் ஒன்றும் செய்யவில்லை, அதனால் ஜானுவுக்கு மூன்று மாதம்.

"சார், ஒரு நிமிஷம் என் சீட்டுக்கு வரீங்களா?"

அவர் வந்தார். ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். ஏசிக் காற்று நேராக முகத்தில் அடித்தது. "என்னம்மா இது, இவ்வளவு குளிர்றதே" என்றார். அவள் பத்திரம் என்ற மூலையைத் திறந்தாள்.

பெயர்கள் திரையில் இறங்கிக்கொண்டே போயின. பாரத்-கோபம் இருபத்தாறு வரை இருந்தது. இப்போது வேலையில் இல்லாதவர்களின் பெயர்கள் இருந்தன. 'யாருதோ-நல்லாருக்கு' என்று எட்டு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் எடுத்துவைத்த நாளும், அதைத் திருப்பிக் கொடுத்த நாளும் இருந்தன. வெங்கடரமணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். 'சார்-தவறி-1' என்ற இடத்தில் நின்றார்.

"இது யாரு?"

"நீங்கதான் சார்."

"நானா? நான் எப்போ?"

"அந்த பில் அடிக்கிற பகுதிய நீங்களே எழுதுனீங்களே சார், அப்போ. மொத்தம் ஆறு தபா."

ஆறு வரைக்கும் அவர் நிதானமாகப் படித்தார். "கிட்தான் காப்பாத்தித்துன்னு நான் நெனைச்சுண்டிருந்தேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டு, "ஏன் சொல்லலை?" என்றார்.

"கேக்கல சார் நீங்க."

பாரத் தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தான். தன் பெயரையும் அதற்குப் பக்கத்திலிருந்த வார்த்தையையும் இருபத்தாறு தடவை படித்துவிட்டு மெதுவாக உட்கார்ந்துகொண்டான். தூக்கியிருந்த காலரை இறக்கிவிட்டுக்கொண்டான். அவனுக்கு அது பெரிய விஷயம்.

வெங்கடரமணன் எழுந்து தன் அறைக்குப் போனார். அவளையும் கூப்பிட்டார்.

"ஜானுவுக்கு ஆர்டர் இன்னிக்கே அடிச்சுடறேன். அவ தப்பு இதுல ஒண்ணுமில்லை. அதைத் திரும்ப எழுதணுமே?"

"நான் கூட உக்காந்து எழுதறேன் சார். அவ ஒத்துக்கணும்."

"இந்த ஆட்டோமேட்டிக்கை நிறுத்திடலாமா?"

"வேணாம் சார். நல்லாத்தான் ஓடுது. எறியற வரிய மட்டும் இப்பவே மாத்திடறேன். எதை எறியணும்னு வாரத்துக்கு ஒரு நாள் நான் பாத்து சொல்றேன்."

அவர் தலையாட்டினார். அப்புறம் நீதிமான் முகத்தை வைத்துக்கொண்டார். "ஆனா முத்துமாரி, உனக்கு ஒரு மெமோ குடுக்கணும். வேணும்னு விட்டேன்னு நீயே சொல்றே. குடுக்காம இருந்தா அது நியாயமில்லை."

"குடுங்க சார்."

அவரே டைப் அடித்தார், இரண்டு விரலால். இங்கிலீஷில் அடித்துக்கொண்டே வாய்விட்டுத் தமிழில் சொன்னார். "பதினோரு வருஷமா தினமும் நீங்கள் செய்துவந்த... இதுக்கு என்ன பேர்மா?"

"பேர் எதுவும் இல்ல சார்."

"பேர் இல்லாத வேலையைச் செய்யலைன்னு எப்படி மெமோ குடுக்கறது?" அவர் மோவாயைத் தடவினார். "மத்தவா தொலைச்சதை எடுத்து வெக்கற வேலைன்னு போடறேன். சரிதானே? அந்த வேலையை, இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரை விடுப்பில் இருந்தபோது... லீவு எதுக்கு எடுத்துண்டே?"

"ஆபரேஷன் சார்."

"ஆமாம், சொன்னே. என்ன ஆபரேஷன்?"

"கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க."

இரண்டு விரலும் நின்றன. வெங்கடரமணன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "இப்போ எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். அது வரவில்லை. படியேறும்போது தையல் இழுக்கிறது என்று சொன்னாள். டாக்டர் ஆறு வாரம் என்றதைத் தான் நான்காக்கியதைச் சொன்னாள். போனைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்ததையும் மனை விற்கிறவன் மட்டும் கூப்பிட்டதையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் அவள் இவ்வளவு பேசியதில்லை. வெங்கடரமணன் தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "இன்னும் ரெண்டு வாரம் ஆத்துல இருந்துட்டு வாயேன்" என்றார்.

"ஜானுது முடிஞ்சதும் போறேன் சார்."

மெமோவை அடித்து முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் நகலில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். ஜானு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. புதிய கிளை ஒன்று திறந்து முதல் வரியை எழுதியிருந்தாள். "சீக்கிரம் வாங்கக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள பாதியாவது வரணும்" என்றாள்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு முத்துமாரி நின்றபடியே மெமோவை இரண்டு முறை படித்தாள். அவள் செய்கிற வேலை என்ன என்று ஒரு தாளில் எழுதியிருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அதைச் செய்யத் தவறினாள் என்று எழுதியிருந்தது. உண்மைதான். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.